சிவப்புக் குமிழ்

ஜூலை 8, திங்கள்

செல்லத்தாய் அக்கா காதை மூடியிருந்த முந்தானையை ஒதுக்கிவிட்டுக்கொண்டார். அதைத்தான் நான் முதலில் கவனித்தேன். தலையில் போட்ட முந்தானையை, மீன் வாங்கி முடித்துப் பஸ் ஏறும்வரை அவர் எடுக்கவே மாட்டார். இன்று அம்மா ஏலம் கூறத் தொடங்கியதும் ஒரு பக்கக் காதைத் திறந்துகொண்டார். கொஞ்ச நேரம் கழித்து மற்றப் பக்கத்தையும்.

அம்மாவுக்குக் கழுத்துக் கட்டி ஆபரேஷன் ஆகி ஆறு வாரம் ஆகிறது. குரல் கொஞ்ச நாளைக்குச் சரியாக வராது, சிலருக்கு நாளாகும் என்று முன்கூட்டியே சொல்லித்தான் செய்தார்கள். இன்றுதான் அம்மா திரும்பவும் கரைக்கு வந்தாள். எங்கள் மிக்கேல்துறையில் தெற்குப் பக்கத்து எட்டு வள்ளங்களின் மீனுக்கும் அவள்தான் ஏலம் கூறுகிறவள். முன்பெல்லாம் அவள் ‘ஒரு தரம்’ என்றால் கரைக்கு இன்னும் வந்து சேராத வள்ளத்தில் இருப்பவர்களுக்கும் கேட்கும். தங்கள் மீன் என்ன விலைக்குப் போகும் என்று அவர்கள் கடலிலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

இன்று பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

“சலேத்து, பின்னால நிக்கவனுக்கு ஒன் வாய் அசையிறதுதான் தெரியிது. சத்தம் வர மாட்டேங்கு” என்றார் தொபியாஸ் மாமா. எட்டு வள்ளத்தில் மூன்று அவருடையது. மற்ற ஐந்து பேரும் அவர் சொல்வதைக் கேட்பார்கள்.

வடக்குப் பக்கத்து வள்ளங்களுக்கு ஏலம் கூறும் கஸ்பார் சித்தப்பா தன் வேலையை முடித்துவிட்டு வந்து நின்றார். தகர டப்பாவில் கல்லைப் போட்டு ஆட்டினால் வருமே, அப்படி ஒரு குரல் அவருக்கு. “மைனி, ஒத்தாசைக்கு ரெண்டு நாள் நான் வேணா சொல்லட்டா?” என்றார்.

அம்மா கையை வீசி அவரை வடக்கே போகச் சொன்னாள்.

போகும்போது தொபியாஸ் மாமா சொன்னதுதான் முக்கியம். “மாதா கோயில் கொடியேத்து வரைக்கும் பாப்பம். அதுக்குள்ள வந்துட்டா நல்லது. வரலைன்னா கஸ்பாருகிட்டதான் குடுக்கணும். வேற என்ன செய்ய?”

கொடியேற்றம் ஆகஸ்ட் ஆறாம் தேதி.

அம்மாவுக்கு நல்லெண்ணெய் தேய்த்துவிட்டேன். சாளை மீன் குழம்பு வைத்தேன். நன்றாக வந்தது.

ஜூலை 9, செவ்வாய்

கிறிஸ்துமஸுக்கு அப்பா கொச்சியிலிருந்து வந்தபோது பாட்டுக் கேட்க ஒரு ட்ராலி ஸ்பீக்கர் கொண்டுவந்தார். சக்கரமும் கைப்பிடியும் உள்ள பெரிய பெட்டி. கூடவே வயர் இல்லாத இரண்டு மைக்கும் ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியும் இருந்தன. எங்கள் வீட்டில் யார் மைக்கில் பேசப்போகிறார்கள்? அட்டைப்பெட்டி பிரிக்காமலே பீரோ மேல் கிடந்தது. இன்று இறக்கினேன்.

தாளில் இருந்த எழுத்து எதுவும் எனக்குப் புரியவில்லை. படம் இருந்தது. படம் போதும்.

மைக்கின் அடிப்பாகத்தைத் திருகினால் கழன்று வருகிறது. உள்ளே இரண்டு பென்சில் பேட்டரி போட வேண்டும். கறுப்புப் பெட்டியின் இரண்டு கொம்புகளையும் நிமிர்த்தி, அதிலிருந்து ஒரு வயரை ஸ்பீக்கரில் சொருக வேண்டும். அந்தப் பெட்டிக்குக் கரண்டும் ஸ்பீக்கரிலிருந்தே வந்துவிடுகிறது. பெட்டியில் நீலம், சிவப்பு என்று இரண்டு குமிழ்கள். நீலப் பட்டை போட்ட மைக்குக்கு நீலக் குமிழ், சிவப்பு மைக்குக்குச் சிவப்பு. குமிழைச் சுற்றி ஒன்றிலிருந்து பத்துவரை எண்கள்.

நீல மைக்கின் பொத்தான் இறுக்கமாக இருந்தது. ஈரக் கையால் அதைத் தள்ள முடியாது. சிவப்பையே எடுத்துக்கொண்டேன்.

சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஏதாவது பேசித்தான் ஆக வேண்டும். அம்மா கோயிலுக்குப் போயிருந்தாள். கதவைச் சாத்திவிட்டு மீன்களின் பெயரைச் சொன்னேன். காரல், சாளை, பாறை, ஊளி, சீலா, விளமீன். கொஞ்ச நேரம் சொன்னேன். அறை முழுக்க நன்றாகக் கேட்டது. குமிழ் மூன்றில் இருந்தது.

பத்தாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னதால்தான் நான் பள்ளிக்கூடத்தை விட்டேன் என்று ஊரில் சொல்வார்கள். அது முழுக்க உண்மை இல்லை.

ஜூலை 10, புதன்

அம்மா மைக்கைப் பார்த்ததும், “நான் என்ன ஓட்டா கேக்கப் போறேன்?” என்றாள். அவள் கோபமாகச் சொல்வதும் இப்போது ரகசியம் சொல்வதுபோல்தான் இருக்கிறது. ஆனாலும் கையில் வாங்கினாள்.

மூன்றில் அவள் குரல் எழவில்லை. நான்கிலும் இல்லை. ஐந்தில் நன்றாக வந்தது. மறந்துவிடாமல் இருக்க, பெட்டியில் ஐந்துக்கு நேராக என் ரோஸ் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வைத்தேன்.

ஜூலை 11, வியாழன்

முதல் நாள். ஸ்பீக்கர் நனையக் கூடாது என்று, வலை காயப்போடும் மேட்டில், வாங்க வருகிறவர்களுக்குப் பின்னால் வைத்தேன். அம்மா மீனுக்குப் பக்கத்தில் நின்று கூறினாள். குரல் அருமையாக வந்தது.

ஆனால் எல்லாரும் குரல் வந்த பக்கம் திரும்பிவிட்டார்கள்.

அம்மாவின் கண்ணுக்கு வெறும் முதுகுகள். எங்கள் கரையில் யாரும் வாயைத் திறந்து விலை கேட்க மாட்டார்கள். கேட்டால் பக்கத்தில் இருப்பவர் உஷாராகிவிடுவார். ஐஸ் கம்பெனி லாசர் தாடையைச் சொறிவார். செல்லத்தாய் அக்கா தலையில் இருக்கும் சும்மாட்டைக் கொஞ்சம் நகர்த்துவார். அதைப் பார்த்துத்தான் அம்மா விலையை ஏற்றுவாள். முகத்தைப் பார்க்காமல் என்ன செய்வாள்? ஒரு கூறு நெத்திலியை யார் கேட்டார் என்றே தெரியாமல் மூன்று தரமும் சொல்லி முடித்துவிட்டாள்.

“நான் மூணு மட்டம் சும்மாட்ட நவுத்துனேன், நீ பாக்கவே இல்ல!” என்று செல்லத்தாய் அக்கா சண்டைக்கு வந்தார்.

“பொட்டியப் பாத்து நவுத்துனா எனக்கு எப்பிடித் தெரியும்?”

“நீ பொட்டிக்குள்ள இருந்துதானே பேசுத!”

கஸ்பார் சித்தப்பா மணலில் உட்கார்ந்து சிரித்தார். தொபியாஸ் மாமா சிரிக்கவில்லை.

அம்மா எனக்கு முன்னால் விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். எனக்குக் கோபம் இல்லை. பெட்டியை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 12, வெள்ளி

பெட்டியை மீன் கூறுக்குப் பக்கத்திலேயே, ஆட்களைப் பார்த்து வைத்தேன். அம்மாவைப் பெட்டிக்கு ஒரு எட்டு பின்னால் நிறுத்தினேன். முன்னால் வந்தால் பெட்டி ஊளையிடும். மணலில் காலால் கோடு போட்டு, “இதத் தாண்டாதம்மா” என்றேன். இப்போது குரல் வரும் பக்கம்தான் அம்மாவும் இருக்கிறாள். எல்லாருடைய முகமும் கிடைத்துவிட்டது.

அப்படியும் இரண்டு முறை ஊளையிட்டது. பார்த்தால், அம்மா மைக்கை மீனைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தாள். நழுவிவிடும் என்று தலையைச் சேர்த்து அமுக்கி.

“தலைய விடும்மா. கழுத்தப் பிடி.”

“கழுத்தப் பிடிச்சா ஓடிராதா?” என்றார் லாசர். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவும்.

மீன் தண்ணீர் படாமல் இருக்க மைக்கைப் பாலித்தீன் பையால் சுற்றிப் பார்த்தேன். சளி பிடித்த மாதிரி கேட்டது. அப்பாவின் பழைய கைக்குட்டையைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டேன். சரியாகிவிட்டது. ஏழு வள்ளத்து மீனும் சண்டை இல்லாமல் போனது.

தொபியாஸ் மாமா என் தலையில் ஒரு தட்டுத் தட்டினார். அவ்வளவுதான். ஆனால் தட்டினார்.

ஜூலை 14, ஞாயிறு

கடலுக்குப் போகாத நாள். மைக்கின் வலைத்தலையைக் கழற்றி, உப்பைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் வைத்தேன்.

அப்பா கொச்சியிலிருந்து போன் செய்தார். விசைப்படகு இன்னும் இரண்டு நாளில் கிளம்புகிறதாம். “என்ன சலேத்து, ஒண்ணுமே கேக்கல. சிக்னல் இல்லியா?”

அம்மா என்னைப் பார்த்தாள். நான் போனை வாங்கி, “சிக்னல் இல்லப்பா” என்றேன்.

ஜூலை 16, செவ்வாய்

நிறைய காரல். காரல் குழம்பு.

ஜூலை 19, வெள்ளி

இன்று நடந்ததை ஊர் பத்து வருடம் சொல்லிச் சிரிக்கும். நான் எழுதி வைத்துவிடுகிறேன்.

திருவிழாவுக்காகக் கோயிலுக்குப் புது மைக் செட் வந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. காலைப் பூசை நடந்துகொண்டிருந்தது. நான் கரையில் பெட்டியை இயக்கினேன். அம்மாவின் மைக் அப்போது அணைந்திருந்தது.

“ஆண்டவர் உங்களோடு இருப்பாராக!” என்றது எங்கள் பெட்டி.

பங்குச் சாமியாரின் குரல். மீன் வாங்க நின்றவர்கள் எல்லாரும், “உம் ஆன்மாவோடும் இருப்பாராக” என்று பதில் சொல்லிவிட்டுத்தான் திடுக்கிட்டார்கள். லாசர் தொப்பியைக் கழற்றிவிட்டார். செல்லத்தாய் அக்கா ஆறுமுகநேரிப் பக்கம், முருகனைக் கும்பிடுகிறவர். அவரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில் சத்தம் நின்றது. சாமியார் மைக்கை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். நான் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்தேன். அம்மா மைக்கைப் போட்டு, எப்போதும்போல, “கிட்ட வாங்க... எல்லாரும் கிட்ட வாங்க...” என்று ஆரம்பித்தாள்.

அது கோயிலில் கேட்டிருக்கிறது. எல்லாரும் கண்ணை மூடி மௌனமாக இருந்த நேரம். மாதா சொரூபத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரிலிருந்து, ஒரு பெண் ரகசியக் குரலில் கிட்ட வாங்க என்கிறாள். இரண்டு பேர் அழுதுகொண்டே எழுந்து பீடத்துக்கே போய்விட்டார்களாம். அதற்குள் அம்மா, “பொடி மீனு இல்ல, நல்ல காரல், வயித்தத் தொட்டுப் பாத்துக்கிடுங்க” என்று சொல்லிவிட்டாள்.

பூசைக்கு உதவும் உபதேசியார் அங்கியோடு கரைக்கு ஓடி வந்தார்.

ஜூலை 20, சனி

கோயில் செட்டும் எங்கள் செட்டும் ஒரே மாதிரி. டவுனில் அதே கடை. அங்கேயும் நீலம், சிவப்பு. சாமியார் பேசியதும் சிவப்பு மைக். கோயில் கரையை ஒட்டியே இருப்பதால் ஒன்றின் சத்தம் இன்னொன்றில் விழுகிறது. அவர்கள் நீலத்தை மட்டும் வைத்துக்கொண்டு சிவப்புக் குமிழை முழுக்க மூடிவிட்டால் தீர்ந்தது. எங்களிடம் நீலக் குமிழை நான் மூடிவிடுவேன்.

இதை யாராவது போய்ச் சொல்ல வேண்டும். அம்மாவால் விளக்கிச் சொல்ல முடியாது. நான் போனேன்.

உபதேசியார் மெழுகுவர்த்திகளை எண்ணிக்கொண்டிருந்தார். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு நிமிர்ந்தார். “ஏட்டி மெல்சியா, கோயில் மாறணுமா, மீனு மாறணுமா?”

தரையைப் பார்த்தேன். பிறகு, “நீலம் மாதாவோட நிறம்லா” என்றேன்.

அவர் மாதா சொரூபத்தின் சேலையைத் திரும்பிப் பார்த்தார். நீலம்தான். கையிலிருந்த மெழுகுவர்த்தியைக் கீழே வைத்தார்.

“சாமிகிட்ட அப்பிடியே சொல்லுதேன்” என்றார்.

கரைக்குச் சிவப்பு. கோயிலுக்கு நீலம்.

ஜூலை 23, செவ்வாய்

காற்று அதிகம். குமிழை ஆறுக்குத் திருப்ப வேண்டியிருந்தது. ஆறிலும் ஒரு புள்ளி வைத்தேன், காற்று நாளைக்கு என்று.

ஜூலை 24, புதன்

காற்று இல்லை. குமிழ் ஆறில்தான் இருந்தது.

ஜூலை 26, வெள்ளி

நாகர்கோவிலுக்குப் போனோம். டாக்டர் அம்மாவின் தொண்டைக்குள் சின்னக் குழாய் விட்டுப் பார்த்தார். நான் வெளியே இரண்டு பேர் செருப்பையும் பையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வெளியே வந்து, “எல்லாம் சரியாம்” என்று உதட்டை அசைத்தாள். மருந்துச்சீட்டு வாங்கப் போனபோது நர்ஸ் என்னிடம் ஒன்று சொன்னார். அதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

வடசேரி பஸ் ஸ்டாண்டில் அம்மா எனக்குப் பழ பஜ்ஜி வாங்கிக் கொடுத்தாள். அவள் சாப்பிடவில்லை.

ஜூலை 28, ஞாயிறு

அப்பா போன். சிக்னல் இல்லை.

ஜூலை 30, செவ்வாய்

பேட்டரி வீக் என்று நினைத்துப் புதிது போட்டேன். அப்படியும் குமிழ் ஏழில். நெயில் பாலிஷ் கெட்டியாகிவிட்டது. ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுப் பார்த்தேன், இன்னும் மோசமானது.

கஸ்பார் சித்தப்பா இன்று என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கறுப்புப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். “இந்தப் புள்ளியெல்லாம் என்னது? எறும்பு மாதிரி ஊர்வலமா போகுது?”

“அடையாளம்.”

“எதுக்கு?”

“காத்துக்கு” என்றேன்.

அவர் கடலைப் பார்த்தார். அலை இல்லை. பிறகு என்னைப் பார்த்தார். எழுந்து போய்விட்டார்.

ஆகஸ்ட் 1, வியாழன்

மிக நல்ல நாள். எட்டு வள்ளமும் வந்தன. பாறை, ஊளி, கணவாய். குமிழ் எட்டில். அம்மா கிட்டத்தட்ட மூச்சாலேயே கூறினாள். அதைக் கேட்க எல்லாரும் அப்படியே அமைதியாக நின்றார்கள். கணவாய் பிடிக்கிற பையன்கள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். அலை, பெட்டியிலிருந்து அம்மாவின் மூச்சு, வேறு சத்தம் இல்லை.

“கரையில இப்பிடி ஒரு அமைதிய நான் பாத்ததே இல்ல, சலேத்து” என்றார் தொபியாஸ் மாமா. “கத்துனா கூட இப்பிடி நிக்க மாட்டானுவ.”

அம்மா என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தாள். கொடியேற்றத்துக்கு இன்னும் ஐந்து நாள்தான். எங்களால் முடியும்.

ஆகஸ்ட் 3, சனி

ஒன்பது. கடைசிக் கூறு முடிந்ததும் அம்மா இருமி மணலில் துப்பினாள். நான் பார்ப்பதற்குள் காலால் மணலைத் தள்ளி மூடிவிட்டாள்.

‘கத்துறதவிட குசுகுசுன்னு பேசுறதுதான் ரொம்பக் கெடுதல், உங்கம்மாவப் பேசவே விடாதம்மா’ என்று அன்றைக்கு நாகர்கோவிலில் நர்ஸ் சொன்னார். டாக்டர் அதையே அம்மாவிடம் உள்ளே சொல்லியிருப்பார்.

இரவு சாப்பாட்டுக்கு இட்லி.

ஆகஸ்ட் 5, திங்கள்

நாளைக் கொடியேற்றத்துக்குச் சொந்தக்காரர்கள் எல்லாம் ஊருக்கு வந்துவிட்டார்கள். வாங்குகிறவர்களும் அதிகம். டவுனிலிருந்து இரண்டு ஐஸ் லாரி. தொபியாஸ் மாமாவின் பெரிய வள்ளம் கடைசியாக வந்தது. முழுக்கச் சீலா. ஒவ்வொன்றும் என் கை நீளம். மணலில் வரிசையாகக் கிடத்தினார்கள்.

அம்மா கோட்டில் நின்றாள். மைக்கைக் கழுத்தைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோனாள். குமிழ் ஒன்பதில். அதற்குமேல் திருப்பினால் பெட்டி ஊளையிடும்.

வாய் அசைந்தது. பெட்டியில் வெறும் காற்று.

இன்னொரு முறை. காற்று. பிறகு இருமல். அந்த இருமல் ஒன்பதில் கரை முழுக்க வெடித்தது. முன்னால் நின்ற ஒரு சின்னப் பிள்ளை அழுதது.

வியாழக்கிழமை இருந்த அமைதி மாதிரி இல்லை இது. எல்லாரும் மீனைப் பார்த்தார்கள்.

“சலேத்து, மீனு வெயில்ல கெடக்கு” என்றார் தொபியாஸ் மாமா. மெதுவாகத்தான் சொன்னார்.

கஸ்பார் சித்தப்பா வடக்கிலிருந்து நடந்து வந்தார். கேலி இல்லை அவர் முகத்தில். “விடுங்க மைனி. இந்த ஒண்ணு மட்டும் நான் சொல்லிட்டுப் போறேன். தொண்டையப் பாருங்க மொதல்ல.”

அம்மா தலையை ஆட்டவும் இல்லை, மைக்கைக் கொடுக்கவும் இல்லை. அப்படியே நின்றாள்.

நான் குனிந்து கறுப்புப் பெட்டியைத் தொட்டேன்.

“ஆமாட்டி, அமத்திரு” என்றார் கஸ்பார் சித்தப்பா.

சிவப்புக் குமிழை இறக்கினேன். எட்டின் புள்ளி, ஏழு, ஆறு, ஐந்து. யாரோ, “மைக்கு கத முடிஞ்சி போச்சி” என்றார்கள். ஒன்பதில் வைத்து ஒழுங்கான குரலில் யார் பேசினாலும் காது கிழிந்துவிடும். இது அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். மூன்றில் நிறுத்தினேன்.

எழுந்து அம்மாவின் கையிலிருந்த மைக்கைப் பிடித்தேன். அவள் விடவில்லை. நான் இழுத்தேன். அம்மா என் முகத்தைப் பார்த்தாள். விரல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன.

முதல் சீலாவின் கண்ணைப் பார்த்துக்கொண்டேன். வட்டமான கண். அது ஒன்றும் சொல்லாது.

“கிட்ட வாங்க” என்றேன். “எல்லாரும் கிட்ட வாங்க.”

கேட்டது. வீட்டில் கேட்டதுபோலவே கேட்டது. மேட்டில் நின்றவர்கள் இறங்கி வந்தார்கள். கால்கள் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. ஆரம்ப விலையைச் சொன்னேன். அதற்குப் பிறகுதான் மாட்டிக்கொண்டேன். விலை ஏற வேண்டுமானால் நான் நிமிர்ந்து முகங்களைப் பார்க்க வேண்டும். அத்தனை முகங்களை. என்னால் முடியாது. சீலாவின் கண்ணிலிருந்து என் கண்ணை எடுக்க முடியவில்லை.

அப்போது அம்மா எனக்குப் பின்னால் வந்து என் முழங்கையைப் பிடித்தாள். பின்னால் இழுக்கப்போகிறாள் என்று நினைத்தேன். இழுக்கவில்லை. ஒரு முறை அழுத்தினாள்.

ஒரு படி ஏற்றிச் சொன்னேன்.

மறுபடி அழுத்தினாள். இன்னொரு படி. யார் என்று எனக்குத் தெரியாது. சும்மாடு நகர்ந்ததோ, தாடை சொறியப்பட்டதோ. அதெல்லாம் அம்மாவின் கண்ணுக்கு. நான் மீனைப் பார்த்தபடியே சொல்லிக்கொண்டு போனேன். அழுத்து, படி. அழுத்து, படி. நாக்கு எங்கேயும் தடுக்கவில்லை.

“ஒரு தரம்” என்றேன். முழங்கையில் ஒன்றும் இல்லை. “ரெண்டு தரம்.” அம்மாவின் நகம் குத்தியது. அழுத்தவில்லை, குத்தினாள். பொறு என்று அர்த்தம். பொறுத்தேன். பிறகு ஒரு பெரிய அழுத்து.

கடைசிப் படியைச் சொல்லி, “ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்” என்றேன். அம்மா காலை நீட்டிப் பெருவிரலால் மணலில் கோடு கிழித்தாள். கூறு விழுந்துவிட்டால் அவள் எப்போதும் அப்படித்தான் செய்வாள். விரலை நீட்டி ஆளைக் காட்டினாள். டவுன் லாரிக்காரர்.

“ஏட்டி!” என்றார் செல்லத்தாய் அக்கா. “இந்தச் சத்தத்த இத்தன நாளா எங்கட்டி ஒளிச்சி வச்சிருந்த?”

“பேட்டரி புதுசா இருக்கும்” என்றார் கஸ்பார் சித்தப்பா. சிரித்துக்கொண்டே வடக்கே போய்விட்டார்.

இரண்டாவது கூறு, மூன்றாவது கூறு, எல்லாம் முடித்தோம். கடைசிக் கூறில் மட்டும் கொஞ்சம் அவசரப்பட்டுவிட்டேன். அம்மா வீட்டுக்கு வந்து என் முழங்கையில் தேங்காய் எண்ணெய் தடவினாள். ஐந்து நகக் குறி இருக்கிறது.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

கொடியேற்றம். நீல மைக்கில் சாமியார் செபம் சொன்னார். வேறு யாருடைய குரலும் குறுக்கே வரவில்லை.

கூட்டத்தில் தொபியாஸ் மாமா வந்தார். “மத்தவங்ககிட்டயும் பேசிட்டேன், சலேத்து. நீ பாரு, புள்ள சொல்லட்டும். எட்டு வள்ளமும் இங்கனதான்.” அம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். நேற்று மத்தியானத்திலிருந்து அவள் பேசுவதே இல்லை. வேண்டியதைக் கையால் காட்டுகிறாள். நான்தான் அப்படிக் காட்டச் சொன்னேன்.

அப்பா போன் செய்தார். அம்மா போனை என்னிடம் நீட்டினாள்.

“என்னம்மா, இன்னிக்கும் சிக்னல் இல்லியா?”

“சிக்னல் நல்லாத்தான் இருக்குப்பா. அம்மைக்குத்தான் கொரலு இல்ல. நான் சொல்லுதேன், கேளுங்க” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். நர்ஸ் சொன்னதையும். அப்பா ரொம்ப நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, அம்மாவிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, அவரே பேசினார். அம்மா கேட்டுக்கொண்டு தலையை ஆட்டினாள்.

நான் கறுப்புப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். பிளேடால் ஐந்து, ஆறு, ஏழு, எட்டு, ஒன்பது எல்லாப் புள்ளிகளையும் சுரண்டி எடுத்தேன். தூளை ஊதினேன். நெயில் பாலிஷ் பாட்டிலைக் குலுக்கி, அடியில் மிச்சம் இருந்ததைக் குச்சியால் எடுத்து, மூன்றுக்கு நேராக ஒன்று வைத்தேன்.